பேர் சொல்லாதது

கமிஷன் கடை ஆதிமூலத்தின் வலது கால், ஊமத்தம்பட்டிப் பெண்கள் சங்கத்துத் தானியக் கிட்டங்கி வாசலைத் தாண்ட மறுத்தது ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, பத்து மணி பஸ் போன பிறகு. இந்த ஒன்றில் மட்டும் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, ஏனென்றால் பஸ் கிளப்பிவிட்ட கரிசல் புழுதி அடங்குவதற்குள் அது நடந்து முடிந்துவிட்டது.

அவர் வருஷா வருஷம் வருவதுபோலத்தான் வந்தார், மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கிற குத்தூசியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு. வருஷா வருஷம் அவர் உளுந்து மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, விரலால் அளைந்து, "இந்தா பாரு தாயி, வண்டு விழுந்துட்டு" என்பார்; உண்மையிலேயே ஒரு வண்டு அவர் உள்ளங்கையில் ஊர்ந்துகொண்டிருக்கும்; அந்த வண்டு மூட்டையிலிருந்து வந்ததா, சட்டைப் பையிலிருந்து வந்ததா என்று பெண்களுக்குப் பல வருஷமாகச் சந்தேகம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வண்டு விழுந்த சரக்கு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் சொன்னதுதான் விலை.

இந்த வருஷம் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அவர் மூக்கு சுருங்கியது. இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் காற்றை இப்படியும் அப்படியும் தடவின. பிறகு அப்படியே திரும்பி மூன்றடி நடந்தார், நின்றார், மறுபடி வந்தார், மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை இடது காலை முயன்றார்.

"வாசல்ல பசை கிசை தடவி வச்சிருக்கீகளா?" என்றார் ஆதிமூலம்.

உள்ளே மூட்டை மேல் உட்கார்ந்திருந்த குருவம்மா, பெண்கள் சங்கத்தின் தலைவி, அவரைத் தலை சாய்த்துப் பார்த்தாள். "அண்ணாச்சி, மருந்து போட்ட தானியத்துக்கிட்ட வந்த வண்டு இப்பிடித்தான் திரும்பும். அச்சு அசலா இதே மாதிரி."

பெண்கள் சிரித்தார்கள். சங்கத்தின் செயலாளர் ராசகனி மட்டும் சிரிக்கவில்லை. அந்த மருந்திடம் என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்த ஒரே ஆள் தான் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஒன்றும் அதிசயமானதில்லை. நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலை, அதோடு ஈர நிலத்தில் விளைந்து, காய்ந்து, கணுக்கணுவாகச் சுருங்கி, கடைக்கு வருகிற ஒரு கிழங்கு. சுட்டு உரசிப் பிள்ளைகளின் நாக்கில் தடவுகிற அதே கிழங்கு. அதற்கு ஊமத்தம்பட்டியில் பேர் கிடையாது. பேர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அதன் பலம் ஓடிவிடும். டவுன் கடையில் போய், "பேர் சொல்லாதது கால் கிலோ குடுங்க" என்றால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் மடித்துத் தருவார். தனக்கென்று ஒரு பேர் இல்லாத பொருளுக்கு அடுத்தவர்களை எப்படித் தெரியும்? யாரை விரட்ட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் இடித்த தூளைத் தானியத்தில் கலக்கும்போது, "வண்டே, அந்துப்பூச்சியே, புழுவே, இது உனக்கில்ல" என்று மூன்று தடவை சொல்வது ஊர் வழக்கம்.

பங்குனியில் நாற்பத்திரண்டு மூட்டைக்கு மருந்து இடித்தபோது, தாவரவியல் படித்த ராசகனிக்கு இந்த வழக்கத்தின் மேல் கோபம் வந்தது. வாசனைதான் பூச்சியை விரட்டுகிறது, வாய்ச்சொல் இல்லை, இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கலைந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினாள்.

"ஏட்டி, அவ்வளவு தெரிஞ்சவ நீயே மருந்து அம்பாரத்தக் கிண்டு" என்றாள் குருவம்மா. "நீ படிச்சதச் சொல்லு. அது கேக்குதான்னு பாப்போம்."

அன்று காலையில் ராசகனி வேறொரு கோபத்தோடும் வந்திருந்தாள். அவளுடைய அண்ணன் தங்கப்பழம், டீக்கடையிலிருந்து சாவகாசமாக வந்து உட்கார்ந்து, கம்பங்கஞ்சி ஆறிவிட்டதென்று கும்பாவைத் தள்ளிவிட்டான். விடியலிலிருந்து மிளகாய்த் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு வந்து அடுப்பு மூட்டிய மதினி செல்லக்கிளி, அவனுக்கு வேறு காய்ச்சி வைத்துவிட்டு, அந்த ஆறிய கஞ்சியை நின்ற வாக்கிலேயே குடித்தாள். அந்தக் காட்சி ராசகனியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. முழங்கை வரை இரு கைகளையும் தூளுக்குள் விட்டவள், பக்கத்து மாவு மில்லின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்தவ பட்ட பாட்டைத் திங்கிற எதுவும் கிட்ட அண்டப்படாது."

மூன்று தடவை சொன்னாள். அதன்பின் மற்றப் பெண்கள் வழக்கம்போல் வண்டையும் அந்துப்பூச்சியையும் கூப்பிட்டுச் சொல்லிக் கலந்தார்கள். மருந்து முதலில் கேட்ட சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ராசகனி இன்னும் கொஞ்சம் யோசித்துப் பேசியிருப்பாள், அல்லது இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

ஆதிமூலம் திரும்பிப் போன அன்றைக்கே, விதைக்கு வேண்டியதைக் கிட்டங்கியில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கான கம்பும் உளுந்தும் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுக்கப்பட்டு, மண் குலுக்கைகளில் கொட்டி மூடப்பட்டன. மத்தியானம் சாப்பிட வந்த தங்கப்பழம் தன் வீட்டு வாசலில் காலைத் தூக்கினான், மூக்கைச் சுருக்கினான், கைகளால் காற்றைத் தடவினான், திரும்பினான். பிறகு தெருவைப் பார்த்து ஒரு இளிப்பு இளித்துவிட்டு, "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. இங்கனயே கொண்டா" என்று வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் பார்த்தால் அந்தத் தெருவில் பாதி ஆம்பிளைகளுக்கு உள்ளே புழுக்கமாக இருந்தது.

முதல் ஒரு வாரம் ஊர் முழுக்க எல்லாரும் புழுக்கத்தைப் பற்றியே பேசினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஞானசிகாமணிக்குப் பிரம்பு நாற்காலி உள்ளேயும் அவர் வெளியேயும் என்று ஆனது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி வேண்டுமென்றால் மணியடித்துக்கொண்டிருந்தவர், என்ன தோன்றியதோ, குடித்த டம்ளரை வெளிக்குழாயில் தானே கழுவிக் கொண்டுவந்து வாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே போனது. மற்றக் கால் போகவில்லை. அன்று பொழுது சாயும் வரை ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று பேப்பர் படித்தார்.

பெண்களுக்கு முதலில் பயம் வந்தது பிள்ளைகளைப் பற்றித்தான். எட்டு நாள் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவள் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை சிணுங்காமல் உள்ளே போனது. வருஷக் கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்த சங்கிலித் தேவரை வெயிலில் கிடத்துவதற்காகக் கட்டிலோடு வெளியே தூக்கியவர்கள், ஐயோ மறந்துவிட்டோமே என்று நெஞ்சிலடித்துக்கொண்டார்கள். கட்டில் தடங்கலில்லாமல் திரும்ப உள்ளே போனது. அது எப்படி, இவர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே என்று தண்ணீர்க் குழாயடியில் பெரிய வாதம் நடந்தது.

"குடுக்கிறது வேற, திங்கிறது வேற" என்று முடித்து வைத்தாள் குருவம்மா. "பிள்ளைக்கு நாம குடுக்கோம். வண்டுக்கு யாராவது குடுத்தமா?"

இப்படியாக ஊர் அதைப் பழகிக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் பாய்கள் வந்தன, தட்டுகள் வந்தன, சீட்டுக்கட்டு வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை, காப்பிக்கு முன்னால் வாசல் ஏறச் சொன்னார்கள். இரண்டு சம்பந்தம் வாசலோடு நின்றது. யாராவது வாய் நீளம் காட்டினால், "வாசல் ஏறிட்டுப் பேசு" என்றார்கள். தங்கப்பழம் ஊருணியிலிருந்து மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் வாசல் விடுகிறது என்று கண்டுபிடித்தான். ஆனால் சாப்பிட்டு முடித்து அவன் ஏப்பம் விடும்போதே அது அவனை வெளியே தள்ளியது.

ஆனால் பழகியது வேறு, நம்பியது வேறு. ஊரில் ஒருவரும் இப்போது அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, காலைப் பார்த்துத்தான் பேசினார்கள். வாசலில் செருப்பு வார் மாட்டக் குனிந்தால் சந்தேகம். துணி உதறிக்கொண்டு வெளியே கொஞ்ச நேரம் நின்றால் சந்தேகம். மகள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரு அம்மா நான்காம் நாள் வாசலில் நின்றுபோனாள். பெண்ணென்றாலும் விடாது என்று தெரிந்ததும் பெண்களும் ஒருவரையொருவர் கவனிக்க ஆரம்பித்தார்கள். ராசகனியும் தன் காலைத் தானே கவனித்தாள். அவள் கிட்டங்கியைப் பெருக்குகிறாள், மூட்டைகளை வெயிலில் புரட்டுகிறாள், சாவியைச் சுமக்கிறாள். வாசல் அவளை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

யார் செய்த வேலை இது என்ற கேள்வியை ஞானசிகாமணி சார் எழுப்பினார், ஒற்றைக் காலில் நின்று நிறைய யோசித்தவர் என்பதால். மருந்து புத்தி பேதலித்துவிட்டது, காரணம் யாரோ கிட்டங்கிக்குள் அதன் பேரைச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அந்தப் பேரைச் சொல்லக் கூசாத வாய் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது?

எல்லாருடைய கண்ணும் செல்லக்கிளியின் பக்கம் திரும்பியது. அவள் காவேரிக்கரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே அந்தக் கிழங்கைச் சந்தையில் கூவியே விற்பார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், புதுப்பெண்ணாக வந்த மறுவாரம், ஊர்க் கடை வாசலில் நின்று அந்தப் பேரை முழுசாகச் சொல்லிக் கேட்டாள். கடையிலிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டது இன்றைக்கும் ஊரில் ஒரு பேச்சு. போதாததற்கு, பங்குனியில் மருந்து இடித்த உலக்கைகளில் ஒன்று அவள் கையிலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள், ஊர்ச் சாவடியில் மருந்து பட்ட கம்பு மூட்டை இருந்து பாதிப் பேரை உள்ளே விடாததால். செல்லக்கிளிதான் சொன்னாள் என்றால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது, மருந்து பட்ட தானியம் முழுக்க, விதை உட்பட, பாழுங்கிணற்றில் கொட்டுவது என்று பேச்சு ஓடியது. புரட்டாசி மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அந்த விதை போனால் அந்த வருஷம் கரிசலில் போடுவதற்கு ஒரு மணி கிடையாது.

ராசகனி எழுந்தாள். "பேரைச் சொன்னா பலம் போகும்னுதான சொல்லுதீக? இது பலம் போன மாதிரியா இருக்கு? சார், நீங்க ஒரு காலை வெளிய வச்சிக்கிட்டு நின்னீங்களே, அது பலம் போன மருந்தா?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார்கள்.

"நல்லாப் பேசுத. உன் மதினிக்கு நீ பேசாம வேற யாரு பேசுவா?" என்றார் சார். "அவளே சொல்லட்டும். ஏம்மா, சொன்னியா?"

செல்லக்கிளி ராசகனியை ஒரு தடவை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. அடுப்பில் என்ன வேகிறது என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லியிருப்பேனுங்க. பதினோரு வருஷத்துக்கு முந்திச் சொன்னது இப்பத்தான் பலிக்குதோ என்னமோ."

"ஒத்துக்கிட்டா!" என்றது கூட்டம். தங்கப்பழம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசகனி வாயைத் திறக்கத்தான் போனாள். ஆனால் அவள் வாதங்களின் ஆள், வாதங்கள் அதற்குள் வரிசையாக வந்து நின்றுவிட்டன: இப்போது நான்தான் என்றால் விதையை உறுதியாகக் கொட்டிவிடுவார்கள், கிட்டங்கிச் சாவி போய்விடும், சாவி போனால் ஆதிமூலம் வந்துவிடுவார், மதினி ஒரு மாதம் பிறந்த வீட்டில் ஓய்வாக இருந்துவிட்டு வரட்டுமே, அதற்குள் நான் பேசிச் சரிசெய்துவிடமாட்டேனா. ஒன்று விடாமல் எல்லாமே நல்ல வாதங்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். மதினியின் துணிமணியை எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். மதினி முன்னால் போனாள், ராசகனி கூடமாட எடுத்து வைக்கலாமென்று பின்னாலேயே போனாள்.

மதினி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள். ராசகனி காலைத் தூக்கினாள்.

கால் அப்படியே நின்றது. ஒரு நெடி, காரமும் கசப்புமாக, மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ ஏறியது. அவளுடைய கைகள் அவளைக் கேட்காமல் முகத்துக்கு முன்னால் காற்றைத் தடவின. உடம்பு தானாகத் திரும்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வந்தாள், மறுபடி திரும்பினாள்.

உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். "உனக்குமா கனி?"

"மதினி, இது தப்பு. நான் உழைக்கலையா? நேத்து ஒத்தையாளா பதினாலு மூட்டை புரட்டிப் போட்டேன்!"

"நீ உழைப்புன்னா சொன்ன?" மதினி சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். "மில்லுச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்ச. நான் பக்கத்துல உலக்கையோட நிக்கிறேன். பட்ட பாடுன்னுதான சொன்ன."

ராசகனி வாசலுக்கு வெளியே நின்றபடி அந்தச் சொல்லை யோசித்தாள். வயலில் படுவதும் பாடுதான். ஊர் நடுவில் தலை குனிந்து நின்று படுவதும் பாடுதான். அவள் ஒன்றை நினைத்துக்கொண்டு சொன்னாள். மருந்து சொல்லை முழுசாகக் கேட்டிருந்தது.

"தெரிஞ்சுமா அங்க ஒத்துக்கிட்டீங்க? ஏன்?"

"நீ பேசுவேன்னு பாத்தேன்" என்றாள் செல்லக்கிளி.

ராசகனி கொட்டகைக்குத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது ஒரு வாதமும் துணைக்கு வரவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று, என்ன சொன்னாள், எத்தனை தடவை சொன்னாள், எந்தக் கோபத்தில் சொன்னாள் என்பதையெல்லாம் சொன்னாள். அவளுடைய வார்த்தைகளை அவரவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லிப் பார்த்தவர்களில் சிலர் பாயைவிட்டு எழுந்து நின்றார்கள்.

"செல்லக்கிளி எங்கயும் போகண்டாம்" என்றாள் குருவம்மா முதலில்.

"சரி, அத விடு. இப்ப மருந்த மாத்து" என்றார் ஞானசிகாமணி சார். "பேரைச் சொன்னா பலம் போயிரும்ல. சொல்லிரு. அப்புறம் விதையைக் கொட்ட வேண்டியதில்ல."

"தானியத்துக்குப் பக்கத்துல, உள்ள நின்னு சொல்லணும்" என்றாள் குருவம்மா. "அதுதான் வழக்கம்."

"அப்போ உள்ள போய்ச் சொல்லுங்க."

"யாரு போகணும்?"

ஊர் திரண்டு கிட்டங்கிக்குப் போனது. ராசகனி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பேரைச் சொல்லி எப்படியாவது மருந்தை முறித்துவிட வேண்டும் என்று துடித்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் காலைத் தூக்கி, மூக்கைச் சுருக்கி, கைகளால் தடவி, திரும்பினார்கள். உள்ளே தாராளமாகப் போய்வர முடிந்தவர்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பேரைச் சொல்வதற்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

கடைசியில் சார் வாசலுக்கு வெளியே நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்து, பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட்கிற குரலில் கத்தினார்: "வசம்பு!"

ஊமத்தம்பட்டியில் பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் காற்றில் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன சார், உள்ள கேக்கலையே" என்றாள் குருவம்மா, மூட்டை மேல் சாய்ந்துகொண்டு. "விதைக்கு நாங்க பொறுப்பு. நீங்க போயிட்டு வாங்க."

மத்தியானம் ராசகனி வீட்டு வாசலில் மறுபடி நின்று பார்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி விடும் என்று நினைத்தாள், விடவில்லை. வாசலுக்கும் ஊரைப் போலத்தான், ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் பழையதையெல்லாம் கிளறும். கல்லூரிக்குக் கட்டிக் கொடுத்த சோற்று டப்பாக்கள், துவைத்து மடித்த துணிகள், பரீட்சை நாட்களில் கையில் கொண்டுவந்து கொடுத்த காப்பி என்று பதினொரு வருஷத்தை அது முகர்ந்துகொண்டிருந்தது. இதெல்லாம் கொடுத்ததா, தின்றதா என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு அவளால் வாதாடியிருக்க முடியாது.

வேப்பமர நிழலில் தங்கப்பழம் நகர்ந்து அவளுக்குப் பாயில் இடம் விட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் சமீபத்தில் பார்த்ததில்லை.

"வா தாயி, வா. உள்ள ரொம்பப் புழுக்கமோ?"

செல்லக்கிளி இரண்டு கும்பாக்களில் கம்பங்கஞ்சியைக் கொண்டுவந்து இருவருக்கும் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போனாள். கஞ்சியிலிருந்து ஆவி வந்தது. ராசகனி அதைத் தொடாமல் எழுந்து, வாசலோரம் கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

தங்கப்பழத்தின் கை கும்பாவில் நின்றது. "எங்கட்டி போற?"

"ஊருணிக்கு."

"எனக்கு முன்னால உள்ள போயிரலாம்னு பாக்கியா?"

"எத்தன குடம்ணே நேத்து?"

"அதெல்லாம் உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றவன் அவசரமாக எழுந்து, இன்னொரு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவளை முந்திவிட வேண்டுமென்று வேகமாக நடந்தான், அவளும் விடவில்லை, அண்ணனும் தங்கச்சியும் ஒருவர் காலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, தெருக்கோடி திரும்பி மறைந்தார்கள்.

செல்லக்கிளி வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ராசகனி தொடாமல் விட்டுப்போன கும்பாவை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடிக்க ஆரம்பித்தாள்.